திருகு பிரஸ்ஸின் முனையும் ஆறு வகை மசகும்: ஒரு பட்டறைப் பதிவு

கையால் சுழற்றும் திருகு பிரஸ். மேலே வெண்கல நட்டு, அதற்குள் டிரபிசாய்டல் (சரிவக வடிவப் பல் உள்ள) மரை வெட்டிய எஃகுத் திருகு. திருகின் கீழ்முனை, அடியில் இருக்கும் எஃகுத் தட்டின் மேல் சுழன்றுகொண்டே அழுத்தும். நடுவில் பேரிங் கிடையாது. எஃகின் மேல் எஃகு, இடையில் கிரீஸ், அவ்வளவுதான். முனையின் விட்டம் 20 மி.மீ. ஒன்றரை டன் ஏறும்போது ஒரு சதுர மி.மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ. அதுவும் முழு முகமும் ஒரே சீராகத் தொட்டால். நிஜத்தில் தொடுவது நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டும். அங்கே உலோகம் நசுங்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கும்.

அந்த முனைதான் கிழிந்துபோனது. முதலில் கிரீச் சத்தம், பிறகு கைப்பிடி விட்டுவிட்டு நகர்வது, கடைசியில் சுமை ஏறிய திருகைத் திரும்ப எடுக்கவே பைப் மாட்டி இழுக்க வேண்டிய நிலை. சாதாரண லித்தியம் கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்தால் கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் மறுபடி அதே கதை. தட்டை மாற்றலாம், முனையை லேத்தில் சீவலாம். ஆனால் கிழிவது ஏன் என்று தெரியாமல் சீவினால் அடுத்த முறையும் சீவ வேண்டியதுதான். அதனால் கையில் கிடைத்த மசகு வகைகளை எல்லாம் சோதித்துப் பார்ப்பது என்று இறங்கினேன். அந்தப் பதிவு இது.

காயத்தைப் படிப்பது

கழுவித் துடைத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது முனையின் நடுப்பகுதியில் பழைய லேத் கோடுகள் அப்படியே இருந்தன. சேதம் எல்லாம் வெளிப் பாதியில். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். சுழலும் தட்டை முகத்தின் மையத்தில் வழுக்கு வேகம் பூஜ்யம், விளிம்பில் அதிகம். வெளிப்புறம் தேயத் தேய சுமை மெல்ல நடுவுக்கு நகரும். இதைப் பழுது பார்க்கும்போது பயன்படுத்திக்கொண்டேன், பின்னால் சொல்கிறேன்.

வெளிப் பாதியில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். சும்மா கீறல் என்றால் பள்ளம் மட்டும் இருக்கும். தூசியோ உலோகத் துகளோ உழுதுவிட்டுப் போன தடம் அது. இங்கே பள்ளத்தின் முடிவில் ஒரு மேடு ஏறி நின்றது. விரல் நகத்தை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கியது, எதிர்த் திசையில் தட்டியது. எதிரே இருந்த தட்டிலும் அதே ஆரத்தில் சதை பிய்ந்த குழி. அதாவது ஒரு முகத்தின் உலோகம் மற்ற முகத்தில் ஒட்டி, பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒட்டுத் தேய்மானம் என்பது இதுதான். இரண்டு உச்சிகளும் மேலுள்ள ஆக்சைடு படலம் கிழிந்து, வெறும் உலோகமாகத் தொட்டு, அந்த நொடியே குளிர்ப் பற்றவைப்பாகி, அடுத்த நொடி பலவீனமான இடத்தில் அறுந்துவிடும். ஒட்டிய கட்டி நசுங்கி நசுங்கியே கடினமாகி, அடுத்த சுற்றில் எதிர்முகத்தை உழும். அதனால்தான் இந்தச் சேதம் ஒரு முறை தொடங்கினால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வகை மென் எஃகு என்றால் இன்னும் மோசம்.

நிறமாற்றம் எதுவும் இல்லை. நீலமோ பழுப்போ ஏறவில்லை. சூடு ஏறாமலே கிழிந்திருக்கிறது. இந்தத் துப்புதான் கடைசியில் முக்கியமானது.

எண்ணெய் எப்போது எண்ணெயாக இருப்பதில்லை

எஞ்சினின் கிராங்க் பேரிங் போன்ற இடத்தில் வேகம் இருக்கிறது, ஆப்பு வடிவ இடைவெளி இருக்கிறது. எண்ணெய் அந்த ஆப்புக்குள் இழுக்கப்பட்டு அழுத்தமேறி இரண்டு உலோகத்தையும் பிரித்துத் தூக்கிவிடும். அங்கே எண்ணெயின் பாகுத்தன்மைதான் பேசும். என் பிரஸ்ஸில் நிமிடத்துக்கு 30 சுற்று என்று வைத்தாலும் சராசரி வழுக்கு வேகம் விநாடிக்கு 2 சென்டிமீட்டர்தான். முகங்கள் தட்டை, ஆப்பு கிடையாது. எவ்வளவு கெட்டியான எண்ணெய் ஊற்றினாலும் பிதுங்கி வெளியே போய்விடும். மிச்சம் நிற்பது மேற்பரப்பைப் பற்றிக்கொண்டிருக்கும் சில மூலக்கூறு அடுக்குகள் மட்டும். 1922-இல் வில்லியம் ஹார்டி இந்த நிலைக்கு எல்லை மசகு என்று பெயர் வைத்தார். இங்கே எண்ணெய் என்பது ஒரு வாகனம்தான். வேலை செய்வது அதில் கலந்திருக்கும் சேர்க்கைகள்.

அவை வேலை செய்யும் விதம் ஒன்றுக்கொன்று வேறு. ஒலியிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம், விலங்குக் கொழுப்பு போன்றவை ஒரு முனையால் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டி அடர்ந்து நிற்கும். எஃகோடு வினைபுரிந்து மெல்லிய இரும்புச் சோப்பாகவும் மாறும். இதற்குப் பெரிய சூடு தேவையில்லை. சூடு ஏறினால்தான் ஆபத்து. அந்தச் சோப்பு இளகிப் பிடியை விட்டுவிடும்.

எஞ்சின் ஆயிலில் இருக்கும் துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட், சுருக்கமாக இசட்டிடிபி, கொஞ்சம் வேடிக்கையான பொருள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கவும் பேரிங் அரிப்பைத் தடுக்கவும்தான் 1940-களில் எண்ணெயில் சேர்க்க ஆரம்பித்தார்கள். தேய்மானத்தை அது குறைக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. உராயும் இடத்தில் சூடும் நெருக்குதலும் சேர்ந்து அதைச் சிதைத்து, கண்ணாடி போன்ற துத்தநாக பாஸ்பேட் திட்டுகளாகப் படிய வைக்கும். தடிமன் அதிகம் போனால் 100, 150 நானோமீட்டர். அதில் உள்ள பாஸ்பரஸ், காரின் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கிறது என்பதால் பெட்ரோல் கார்களுக்கான பல எஞ்சின் ஆயில் வகைகளில் அதன் அளவை 0.08 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்திவிட்டார்கள்.

அதற்கு அடுத்த கட்டம் கந்தகம், குளோரின். பற்சக்கர எண்ணெயிலும், உலோகத்தை வெட்டும்போது ஊற்றும் வெட்டு எண்ணெயிலும் இருப்பவை. தொடுமிடத்தில் சூடு எகிறும்போது இவை சிதைந்து எஃகோடு வினைபுரிந்து இரும்பு சல்பைடு, இரும்பு குளோரைடு என்று ஒரு தோலை உண்டாக்கும். அந்தத் தோல் எஃகைவிட எளிதில் நழுவும், கிழியும். எஃகும் எஃகும் ஒட்டுவதற்குப் பதில் தோலும் தோலும் தேய்ந்து போகின்றன. இது ஓசியில் வரும் பாதுகாப்பு இல்லை. தோல் உரியும்போது கொஞ்சம் இரும்பும் சேர்ந்தே போகிறது. வினைத்திறன் அளவுக்கு மீறினால் தேய்மானம் என்ற பெயரில் அரிப்பு நடக்கும். பெரிய கிழிவைத் தவிர்க்கச் சின்ன அரிப்பை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகத் திடப் பொருள்கள்: மாலிப்டினம் டைசல்பைடு, கிராஃபைட். சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக நழுவும் படிகங்கள். வினை எதுவும் வேண்டாம், இடத்தில் நின்றால் போதும். எண்ணெயில் கலந்தால் அடியில் தங்கிவிடும் என்பது இவற்றின் தொல்லை.

முதல் சோதனைக் கருவி

எல்லாரும் செய்யும் கருவியைத்தான் நானும் முதலில் செய்தேன். 1440 சுற்று மோட்டாரின் தண்டில் 35 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு பேரிங்கின் உள்வளையம். அதன் அடிப்பகுதி எண்ணெய்த் தட்டில் முங்கியிருக்கும். மேலிருந்து ஒரு நெம்புகோல், அதன் முனையில் 8 மி.மீ. பேரிங் ரோலர் ஒன்று வளையத்துக்குக் குறுக்காக இறுக்கப்பட்டிருக்கும். நெம்பு விகிதம் பத்துக்கு ஒன்று. 3 கிலோ எடை தொங்கவிட்டால் ரோலரில் 30 கிலோ. ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு நிமிடம். முடிந்ததும் ரோலரில் விழுந்த நீள்வட்டத் தழும்பை யுஎஸ்பி நுண்ணோக்கியில் அளப்பேன்.

இதைச் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நெம்புகோலைக் கையால் பிடிக்காதீர்கள். ரோலரும் வளையமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அது துள்ளும், தடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். குளோரின் எண்ணெய் புகைந்தால் அதில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், திறந்த வெளியில் ஓட்டுங்கள்.

சேர்க்கை எதுவும் இல்லாத வெறும் கனிம எண்ணெய் சில விநாடிகளிலேயே அலறியது. தழும்பு நீளவாக்கில் 5 மி.மீ., உள்ளே முழுக்கக் கிழிசல். அதே எண்ணெயில் கொஞ்சம் ஒலியிக் அமிலம் கலந்தபோது அலறல் தாமதமாக வந்தது, தழும்பு பெரிதாகச் சுருங்கவில்லை. இசட்டிடிபி உள்ள எஞ்சின் ஆயில் மூன்றரை மி.மீ.யில் நின்றது. தழும்பு வழவழப்பாக, சாய்த்துப் பார்த்தால் நீலமும் பழுப்புமாகப் படலம் தெரிந்தது. ஜிஎல்-5 தரப் பற்சக்கர எண்ணெயில் 2 மி.மீ. தழும்பு கறுப்பு. குளோரின் ஏற்றிய வெட்டு எண்ணெய்தான் முதலிடம்: ஒன்றரை மி.மீ.க்குள், சத்தமே இல்லை. இன்னும் எடையைக் கூட்டினாலும் அசையவில்லை. மாலிப்டினம் டைசல்பைடு தூள் கலந்த எண்ணெய் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை சொன்னது. தூள் தட்டின் அடியில் படிந்துவிடுகிறது, கலக்கிவிட்டால் நல்ல விடை, விட்டுவிட்டால் மோசமான விடை.

இந்தத் தழும்பு எதை அளக்கிறது என்று யோசிக்க வேண்டும். ஆரம்பத்தில் குறுக்கே வைத்த இரண்டு உருளைகளும் ஒரு புள்ளியில் தொடுகின்றன. 30 கிலோதான் என்றாலும், வளைந்த பரப்புகள் தொடுமிடத்து அழுத்தத்தைச் சொல்லும் ஹெர்ட்ஸ் கணக்குப்படி உச்ச அழுத்தம் 2 ஜிகாபாஸ்கலை, அதாவது சதுர மி.மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டுகிறது. தேயத் தேயப் பரப்பு விரிகிறது, அழுத்தம் விழுகிறது. எண்ணெய் தாங்கக்கூடிய இடம் வந்ததும் தேய்மானம் நின்றுவிடுகிறது. 5 மி.மீ. தழும்பில் சராசரி அழுத்தம் 30 மெகாபாஸ்கல் சொச்சம், 2 மி.மீ. தழும்பில் 190 வாக்கில். அதாவது கருவி தனக்கு வேண்டிய அழுத்தத்தைத் தானே தேடிக்கொள்கிறது. நல்ல அளவீடுதான், ஆனால் ஏமாற்றவும் எளிது. ஏற்கெனவே 5 மி.மீ. தழும்பு உள்ள ரோலரின் மேலேயே அடுத்த எண்ணெயை ஓட்டினால் அது எந்த எண்ணெயாக இருந்தாலும் ஜெயிக்கும். தொடக்க அழுத்தமே சின்னதாகிவிட்டதே. சந்தையில் ஏதோ ஒரு புட்டியை ஊற்றி அலறலை நிறுத்திக் காட்டும் வித்தைகளில் இது ஒரு பாதி. இன்னொரு பாதி வளையத்தில் இருக்கிறது. வினைபுரிந்து உருவான தோல் பெட்ரோலில் கழுவினால் போகாது. குளோரின் எண்ணெய்க்குப் பிறகு வளையத்தைக் கழுவி மட்டும் விட்டு வெறும் எண்ணெயை ஓட்டிப் பார்த்தேன்; அது சாதுவாக ஓடியது. எமரி தாளால் வளையத்தைச் சீவிய பிறகுதான் பழைய அலறல் திரும்பியது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரோலரில் புது முகம், வளையத்தில் புது எமரி என்று விதி வைத்துக்கொண்டேன்.

வேடிக்கைக்காகத் தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவையும் ஊற்றிப் பார்த்தேன். எஞ்சின் ஆயிலைவிடச் சின்னத் தழும்பு! ஷாம்புவை எஞ்சினில் ஊற்ற யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கருவியின் தீர்ப்பை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதற்கு இது போதும்.

எஞ்சின் ஆயிலையும் ஜிஎல்-5 எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் நன்மையும் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. கலவையின் தழும்பு ஜிஎல்-5 தனியாகக் கொடுத்ததைவிடப் பெரியது. சேர்க்கை நீர்த்துப்போவது ஒரு காரணம். எஞ்சின் ஆயிலில் அழுக்கைக் கரைக்க வைத்திருக்கும் பொருள்களும் அதே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டி போடுவது இன்னொன்று. பரப்பு ஒன்றுதான், முந்துபவருக்கே இடம்.

சூடு எங்கே?

கருவியின் விடைப்படி நான் குளோரின் எண்ணெயையோ ஜிஎல்-5ஐயோ பிரஸ் முனையில் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை. காரணம் அந்த நிறமாறாத முனை.

கருவியில் வளையத்தின் வேகம் விநாடிக்கு 2.6 மீட்டர். உராய்வுக் கெழு (சுமையில் எத்தனை பங்கு உராய்வு விசையாகிறது என்ற எண்) 0.1 என்று வைத்தால் 300 நியூட்டன் சுமையில் கிட்டத்தட்ட 80 வாட் வெப்பம். ஒன்றரை சதுர மி.மீ. தழும்பில் அத்தனையும் இறங்குகிறது: சதுர மி.மீட்டருக்கு 50 வாட்டுக்கு மேல். தொடுமிடத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சில நூறு டிகிரி ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. 1937-இல் நெதர்லாந்துப் பொறியாளர் பிளாக் கணக்கிட்டுக் காட்டிய மின்னல் வெப்பநிலை இதுதான். பற்சக்கரங்கள் உரசிக் கிழிவதைப் புரிந்துகொள்ள இன்றும் அந்தக் கணக்குதான் அடித்தளம்.

என் பிரஸ்ஸில்? 15,000 நியூட்டன், கெழு 0.12, வேகம் விநாடிக்கு 0.02 மீட்டர். மொத்தம் 36 வாட். அது 300 சதுர மி.மீ. முகத்தில் பரவுகிறது. சதுர மி.மீட்டருக்கு 0.12 வாட். நானூறு மடங்கு குறைவு. அதுவும் கால் சுற்று, அரைச் சுற்று ஓடி நின்றுவிடும். கந்தகமும் குளோரினும் சிதைந்து வினைபுரியக் காத்திருக்கும் சூடு இங்கே வரவே வராது. புதிதாகக் கிழிந்த வெறும் உலோகம் சூடில்லாமலும் ஓரளவு வினைபுரியும் என்பது உண்மை. ஆனால் கிழிந்த பிறகு வரும் உதவி எனக்குப் பாதி உதவிதான்.

இரண்டாவது கருவி

எனவே மெதுவாக ஓடும் ஒன்று வேண்டும். சட்டகத்தில் ஒரு ஹைட்ராலிக் ஜாக், அழுத்தமானியோடு. அதன் மேல் 20 மி.மீ. எஃகு முனை, எதிரே எஃகுத் தட்டு. முனையின் மறுபக்கத்தில், அச்சின் திசையில் வரும் சுமையைத் தாங்கும் த்ரஸ்ட் பால் பேரிங் ஒன்று. அதன் உராய்வு மிகச் சின்னது என்பதால் திருப்பும்போது தடுப்பது தட்டை முகம் மட்டும். முனையின் பக்கவாட்டில் ஸ்பேனர் பிடிக்க இரண்டு தட்டை, அதில், முறுக்கு விசையை முள்ளால் காட்டும் டார்க் ரெஞ்ச். ஒன்றரை டன் ஏற்றி மெதுவாக அரைச் சுற்று அந்தப் பக்கம், அரைச் சுற்று இந்தப் பக்கம்.

கணக்கு வசதியாக அமைந்தது. தட்டை முகத்துக்கு முறுக்கு விசை என்பது மூன்றில் இரண்டு பங்கு, பெருக்கல் கெழு, பெருக்கல் சுமை, பெருக்கல் ஆரம். என் எண்களைப் போட்டால் கெழுவை ஏறத்தாழ நூறால் பெருக்கினால் நியூட்டன்-மீட்டர். முள் 15 காட்டினால் உராய்வு 0.15.

வெறும் எண்ணெயில் 15, முள் துள்ளியது, சில அரைச் சுற்றுகளிலேயே ஏறத் தொடங்கியது. பிரித்தால் பழைய பிரஸ் முனையின் குட்டிப் பிரதி: ஏறி நிற்கும் மேடு, எதிரே பிய்ந்த குழி. குளோரின் எண்ணெயில் 14. கிழிவு தள்ளிப்போனது, ஆனால் துள்ளல் போகவில்லை. ஜிஎல்-5 அதைவிடக் கொஞ்சம் நயம், 13 வாக்கில். எஞ்சின் ஆயில் 14. முதல் கருவியில் வரிசையாக எங்கெங்கோ நின்றவர்கள் இங்கே ஒரே கூட்டமாக நிற்கிறார்கள்.

அங்கே தோற்றுப்போன ஒலியிக் அமிலம் இங்கே 11. முள் துள்ளவே இல்லை, வெண்ணெயாகத் திரும்பியது. வெப்பத் துப்பாக்கியால் தட்டை 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிட்டுத் திருப்பினேன்: துள்ளல் திரும்ப வந்தது. முதல் கருவியில் ஏன் தோற்றது என்பதற்கும் அதுவே விடை.

மாலிப்டினம் டைசல்பைடு நிறைய உள்ள கெட்டிப் பேஸ்ட் 8. தூள் தங்கிவிடும் தொல்லை பேஸ்ட்டில் இல்லை, முகத்தில் அப்பியபடியே நிற்கிறது. நீண்ட நேரம் திருப்பியும் எண் ஏறவில்லை. பிரித்தபோது இரண்டு முகத்திலும் பளபளக்கும் சாம்பல் பூச்சு, அடியில் எமரி கோடுகள் அப்படியே.

உராய்வு குறைவது வேறு, கிழியாமல் இருப்பது வேறு என்பதையும் இங்கே பார்த்தேன். கந்தகம், குளோரின் போல உச்ச அழுத்தச் சேர்க்கை என்று விற்கப்படுபவை பிடித்துக்கொள்வதைத் தடுக்கத்தான் படைக்கப்பட்டவை. வழுவழுப்பாக்குவது அவற்றின் வேலை இல்லை. நேர்மாறாக, நல்ல பெயர் வாங்கிய சேர்க்கையே வேறொரு இடத்தில் கெடுதல் செய்வதும் உண்டு. உருண்டும் வழுக்கியும் ஓடும் பற்சக்கரப் பல்லில் இசட்டிடிபி படலம், கரடான உச்சிகள் ஆரம்பத்தில் மழுங்க விடாமல் காத்துவிடுகிறது. அந்த உச்சிகள் எதிர்ப் பல்லைத் திரும்பத் திரும்பக் குத்தி நுண்குழிச் சோர்வை உண்டாக்குகின்றன. என் பிரஸ்ஸில் அந்தப் பிரச்சினை இல்லை.

வெண்கலத்தைக் கேட்பது

மேலே வெண்கல நட்டு இருக்கிறது. முனையில் வைப்பது எப்படியும் திருகு வழியாக அங்கே போய்ச் சேரும். அதனால் அதே வெண்கலத்தில் சின்னப் பட்டைகள் அறுத்து மெருகேற்றி, சோதனைக் குழாய்களில் ஒவ்வோர் எண்ணெயிலும் முக்கி, 100 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வைத்தேன். ஆய்வகங்களில் செம்புப் பட்டையை வைத்துச் செய்யும் சோதனையின் வீட்டுப் பதிப்பு.

எஞ்சின் ஆயிலில் லேசான பொன்னிறம். கந்தகம் ஏற்றிய கரும் வெட்டு எண்ணெயில் பட்டை முழுக்கக் கறுத்து, துடைத்தால் கறுப்பு கையோடு வந்தது. செயலூக்கக் கந்தகம் செம்பைத் தின்கிறது. ஜிஎல்-5 எதிர்பார்த்ததைவிடச் சாது, பழுப்போடு நின்றது. இப்போதைய பற்சக்கர எண்ணெய்களில் கந்தகத்தை அடக்கமான வடிவில் சேர்த்து, செம்பைக் காக்கத் தனிச் சேர்மமும் போடுகிறார்கள். ஆனாலும் பித்தளை சின்க்ரோ வளையம் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றுவது சரியில்லை, அதில் சேர்க்கையின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாலிப்டினம் பேஸ்ட்டில் பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலும் கந்தகம்தான் இருக்கிறது, ஆனால் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது.

குளோரின் எண்ணெயில் ஓட்டிய வளையத்தைத் துடைக்காமல் ஈரக் காற்றில் விட்டிருந்தேன். தடம் போன இடம் மட்டும் ஆரஞ்சுத் துரு. ஈரம் பட்டால் குளோரைடுகள் அமிலமாகிவிடும். அது தவிர, இத்தகைய வெட்டு எண்ணெய்களில் சேர்க்கப்பட்டுவந்த குறுஞ்சங்கிலிக் குளோரினேற்ற பாரஃபின்கள், சிதையாமல் நிற்கும் நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் 2017-இல் சேர்க்கப்பட்டவை. இயற்கையில் சிதையாமல் உயிர்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். சோதனையில் முதலிடம் வாங்கிய எண்ணெயைப் பட்டறையை விட்டே அனுப்பிவிட்டேன்.

பழுது பார்த்தது

முனையை லேத்தில் பிடித்துக் கிழிசல் அடி மறையும் வரை முகம் சீவினேன். மையத்தில் 6 மி.மீ. குழி ஒன்று. வேகமே இல்லாத அந்த மையம் தேயாது, சுற்றுப்புறம் தேய்ந்த பிறகு சுமை முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் அழுத்தம் சீராகும், குழியில் பேஸ்ட்டும் தங்கும். பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் இழப்பு. வெளி விளிம்பை நன்றாக உருட்டிவிட்டேன், கூர்விளிம்பு மசகை வழித்துவிடும். அப்புறம் 600 எமரி, அதன்பின் 1000.

அடித்தட்டை மறுபடி எஃகில் செய்யவில்லை. அலுமினியம் வெண்கலத்தில் (செம்போடு அலுமினியம் கலந்த உலோகம்) ஒரு வட்டை வெட்டி, கீழே ஒரு பள்ளத்தில் சுழலாதபடி பின் அடித்து உட்கார வைத்தேன். மெதுவான வேகம், அதிக சுமைக்கு ஏற்ற உலோகம் அது; எஃகோடு ஒட்டும் ஆசையும் குறைவு. இரண்டாவது கருவியில் இந்த வட்டையும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். வெறும் எண்ணெயிலேயே கிழியவில்லை! பேஸ்ட்டோடு எண் அதே 8-ஐ ஒட்டித்தான். ஆகக் கிழிவைத் தடுத்ததில் பெரிய பங்கு உலோக ஜோடியை மாற்றியதுக்குத்தான், சேர்க்கைக்கு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பேஸ்ட் கொடுத்தது கைக்கு இலகுவும், மசகு வறண்டுபோகும் நாட்களுக்கு ஒரு காப்பும். வட்டையில் ஆழமில்லாத இரண்டு வளைந்த பள்ளங்கள், விளிம்பு மழுக்கி.

மாலிப்டினத்தை வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எண்ணெய்ப் பசை இருக்கும் முகத்தில் அது பிடிக்காது. முகத்தை அசிட்டோனால் துடைத்து, உலர்ந்த தூளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாம்பல் மினுமினுப்பு வந்த பிறகுதான் பேஸ்ட். முதலில் கால் சுமை, பிறகு பாதிச் சுமை, இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி அடுக்குகள் படுத்துக்கொள்ள நேரம் கொடுத்தேன். ஈரக் காற்றில் மாலிப்டினத்தின் உராய்வு கொஞ்சம் ஏறும். கிராஃபைட் இதற்கு நேரெதிர், ஈரம் இருந்தால்தான் நன்றாக நழுவும்.

நட்டுக்குப் பேஸ்ட் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மரை முகங்களில் பரப்பு அதிகம், அழுத்தம் குறைவு, உலோகமும் ஏற்கெனவே எஃகு-வெண்கலம். அங்கே கெட்டிப் பேஸ்ட் வைத்தால் பட்டறைத் தூசியும் பித்தளைத் துகளும் அதில் ஒட்டி அரைக்கும் மாவாகிவிடும். செயலூக்கக் கந்தகம் இல்லாத சாதாரண கால்சியம் கிரீஸ் போதும், பழையதை வெளியே தள்ளும் அளவுக்கு அவ்வப்போது புதிது.

இப்போது ஒன்றரை டன்னில் பைப் இல்லாமல் கைப்பிடியாலேயே திரும்புகிறது. வட்டையை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். வெளி விளிம்பை ஒட்டி மட்டும் ஓரிடத்தில் சாம்பல் பூச்சு மெலிந்து வெண்கலம் தெரிந்தது, எதிர்ப்புறம் பூச்சு கனமாக இருந்தது. முனையும் வட்டையும் ஒரு நூலளவு சாய்ந்து தொடுகின்றன. அதை எந்த மசகாலும் சரிசெய்ய முடியாது. வட்டையின் அடிப்பக்கத்தைக் கோள வடிவில் கடைந்து, தானே நேராகிக்கொள்ளும் இருக்கை செய்வது அடுத்த வேலை. அதற்கான வெண்கலத் துண்டு லேத்தில் ஏறிவிட்டது.